போதிய உணவும் ஓமோன் சமநிலையும்: கட்டிளமைப் பருவ ஆண்களின் சக்தித் தேவை

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
(விஞ்ஞான பாடத்தின் ஓமோன்கள், போசணை ஆகிய பகுதிகளுக்கும் துணைபுரியும்)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• சக்திச் சமநிலை என்பதை விளக்குவீர்கள்.
• உணவுச் சக்தி குறையும்போது ஓமோன்களில் ஏற்படும் மாற்றங்களைக் குறிப்பிடுவீர்கள்.
• போதாத உணவின் அறிகுறிகளை இனங்காண்பீர்கள்.
• உங்கள் பிரதேசத்தில் கிடைக்கும் உணவுகளைக் கொண்டு ஒரு நாளுக்கான உணவுத் திட்டத்தைத் தயாரிப்பீர்கள்.

அறிமுகம்

மாணவர்களே, "போசணைக் குறைபாடு" என்றதும் எமது நினைவிற்கு வருபவர்கள் சிறு குழந்தைகளும் கர்ப்பிணித் தாய்மாருமே. 15, 16 வயது ஆண் பிள்ளைகளைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. "அவன் வளர்ந்த பையன், எதையாவது சாப்பிட்டுக்கொள்வான்" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். ஆனால் ஓர் ஆணின் வாழ்நாளில் உடல் மிக விரைவாக வளரும் காலங்களுள் இதுவும் ஒன்று. உயரம், தசை, என்பு, குரல், இனப்பெருக்கத் தொகுதி ஆகிய அனைத்தும் இக்காலத்திலேயே முதிர்ச்சி அடைகின்றன. இவை அனைத்திற்கும் சக்தி தேவை.

மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை போன்ற இடங்களில் மலைப்பாதையில் நடந்து பாடசாலைக்கு வரும் மாணவர் பலர். காலையில் பிளேன்டீயுடன் புறப்பட்டு, பாடசாலை முடிந்ததும் பயிற்சிக்கோ மேலதிக வகுப்புக்கோ சென்று, விடுமுறை நாட்களில் மிளகுத் தோட்டத்திலோ மரக்கறித் தோட்டத்திலோ வேலை செய்யும் மாணவனின் உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது? அவன் உண்பது அதற்குப் போதுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. சக்திச் சமநிலை

உணவின் மூலம் உடலுக்குக் கிடைக்கும் சக்தியும் உடல் செலவிடும் சக்தியும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும் நிலை சக்திச் சமநிலை எனப்படும்.

உணவிலிருந்து கிடைக்கும் சக்தி:
• காபோவைதரேற்று 1 கிராம் – ஏறத்தாழ 4 கிலோ கலோரி
• புரதம் 1 கிராம் – ஏறத்தாழ 4 கிலோ கலோரி
• கொழுப்பு 1 கிராம் – ஏறத்தாழ 9 கிலோ கலோரி
(1 கிலோ கலோரி = ஏறத்தாழ 4.2 கிலோ யூல்)

உடல் சக்தியைச் செலவிடும் வழிகள்:
(அ) அடிப்படை அனுசேபம் – ஓய்வாக இருக்கும்போதும் இதயம், நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்பன தொழிற்படத் தேவையான சக்தி. சாதாரண ஒருவரின் நாளாந்தச் செலவில் பெரும் பங்கு இதுவே.
(ஆ) உணவைச் சமிபாடடையச் செய்தல்.
(இ) உடல் உழைப்பும் விளையாட்டும்.
(ஈ) வளர்ச்சி – கட்டிளமைப் பருவத்தினருக்கு உரிய மேலதிகச் செலவு.

உலக உணவு விவசாய நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நடுத்தர அளவு உடலுழைப்புள்ள 15–16 வயது ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,175 கிலோ கலோரி தேவை. 17–18 வயதில் இது ஏறத்தாழ 3,400 கிலோ கலோரியாக உயர்கிறது. கடும் பயிற்சியில் ஈடுபடுவோருக்கு இதனிலும் அதிகம் தேவை.

நினைவிற் கொள்க: பசி அடங்கிவிட்டது என்பதற்காகத் தேவையான சக்தி கிடைத்துவிட்டது எனக் கூறமுடியாது. தேநீரும் பிஸ்கட்டும் சிறிது நேரம் பசியை மறக்கச் செய்யும். உடலின் கணக்கை நிரப்பாது.

2. சக்தி குறையும்போது ஓமோன்களுக்கு நிகழ்வது

அகஞ்சுரக்கும் சுரப்பிகளால் குருதியில் நேரடியாக விடப்படும் இரசாயனத் தூதுகளே ஓமோன்கள் என நீங்கள் கற்றிருக்கிறீர்கள். உணவு குறையும்போது இத்தூதுகளின் ஒழுங்கு மாறுகிறது. அதன் படிமுறை வருமாறு:

படி 1: கொழுப்பு இழையங்கள் இலெப்டின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. உடலில் சக்திச் சேமிப்பு உண்டு என்பதை மூளைக்கு அறிவிப்பது இதன் தொழிலாகும். உணவு குறைந்ததும் இலெப்டின் குறைகிறது.

படி 2: மூளையின் பரிவகக்கீழ் இதனை உணர்ந்து, கபச்சுரப்பிக்கு அனுப்பும் தூண்டலைக் குறைக்கிறது.

படி 3: கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனைக் குறைவாகச் சுரக்கிறது.

படி 4: இதனால் விதைகளில் தெஸ்தெஸ்தெரோன் சுரப்பது குறைகிறது.

தெஸ்தெஸ்தெரோன் ஆண்களின் துணைப் பாலியல்புகளுக்கு மட்டும் உரியதன்று. தசை வளர்ச்சி, என்பின் வலிமை, செங்குருதிக் கலங்களின் உற்பத்தி, உற்சாகம் என்பவற்றிலும் அது பங்கு கொள்கிறது.

இவற்றுடன் ஏற்படும் ஏனைய மாற்றங்கள்:
• தைரொயிட் ஓமோனின் செயற்படும் வடிவம் குறைகிறது. அனுசேப வீதம் தாழ்கிறது, உடல் குளிர்கிறது.
• இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி குறைகிறது. உயரமும் தசையும் அதிகரிக்கும் வேகம் குறைகிறது.
• கோட்டிசோல் அதிகரிக்கிறது. தசைப் புரதம் உடைக்கப்படுகிறது.
• பசியைத் தூண்டும் கிரெலின் அதிகரிக்கிறது. எந்நேரமும் உணவைப் பற்றிய எண்ணம் எழுகிறது.

இவ்வாறு நிகழ்வது ஏன்? வருமானம் குறைந்த வீட்டில் முதலில் அத்தியாவசியச் செலவுகளைச் செய்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிவைப்பதைப் போன்று, உடலும் கிடைக்கும் சக்தியை இதயத்திற்கும் மூளைக்கும் கொடுத்து, வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் தள்ளிவைக்கிறது. இது உயிரைக் காக்கும் ஏற்பாடாகும். ஆனால் வளரும் வயதில் நீண்டகாலம் தள்ளிவைத்தால் இழப்பு ஏற்படும். நீண்டகாலப் போசணைக் குறைவு பூப்பெய்துவதைத் தாமதப்படுத்தும். வாழ்நாள் முழுவதற்கும் தேவையான என்பு வலிமை சேரும் காலத்தில் அதனைச் சேரவிடாது.

3. மினசோட்டாப் பரிசோதனை (1944–1945)

இவ்விடயத்தை விளங்கிக்கொள்வதற்கு உலகில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றதாகும். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் வாடினர். யுத்தம் முடிந்ததும் அவர்களை எவ்வாறு மீட்பது என்பதற்கு விஞ்ஞான அறிவு போதாமல் இருந்தது. எனவே அன்செல் கீஸ் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் இவ்வாய்வை மேற்கொண்டார்.

இதில் 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து பங்குபற்றினர். அவர்கள் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். போர்முனைக்குச் செல்வதற்குப் பதிலாக இவ்வகையில் மனித குலத்திற்குத் தொண்டாற்ற இணங்கினர். ஆய்வு மூன்று கட்டங்களாக நடைபெற்றது.

முதற் கட்டம் – 12 வாரங்கள்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,200 கிலோ கலோரி கொண்ட வழமையான உணவு.

இரண்டாம் கட்டம் – 24 வாரங்கள் (1945 பெப்ரவரி முதல்): நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கிலோ கலோரி. உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், பாண், மக்கரோனி போன்றவையே முக்கிய உணவுகள். இதனை உண்டபடி வாரத்திற்கு ஏறத்தாழ 35 கிலோ மீற்றர் நடக்கவும் வேண்டும்.

மூன்றாம் கட்டம் – 12 வாரங்கள்: மீட்பு உணவு.

இரண்டாம் கட்டத்தில் அவதானிக்கப்பட்டவை:
• உடல் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழப்பு.
• அடிப்படை அனுசேபம் ஏறத்தாழ 40 சதவீதம் வீழ்ச்சி.
• இதயத் துடிப்பு வீதம் குறைதல், கோடை காலத்திலும் குளிர்தல், கால் வீக்கம், தலைச்சுற்று.
• தசை வலிமையும் தாக்குப்பிடிக்கும் திறனும் குறைதல்.
• எரிச்சல், மனச்சோர்வு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், கவனம் செலுத்த முடியாமை.
• பாலியல் நாட்டம் பெரும்பாலும் இல்லாமற் போதல்.
• உணவைப் பற்றியே சிந்தித்தல், சமையற் புத்தகங்களை வாசித்தல், தட்டை நக்குதல்.

இவர்கள் உடலும் மனமும் நன்றாக உள்ளவர்கள் எனப் பரிசோதித்துத் தெரிவுசெய்யப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களின் குணம் மாறியதற்குக் காரணம் சோம்பலோ மனவுறுதி இன்மையோ அன்று, உணவுக் குறைவே.

மீட்புக் கட்டத்தின் பாடம்

மூன்றாம் கட்டத்தில் இளைஞர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு அளவு சக்தி கொண்ட உணவு கொடுக்கப்பட்டது. சிலருக்கு மேலதிகப் புரதமும் சிலருக்கு விற்றமின்களும் சேர்க்கப்பட்டன. சக்தி குறைவாகக் கிடைத்த குழுவினர் மிக மெதுவாகவே தேறினர். விற்றமின் மாத்திரையோ மேலதிகப் புரதமோ சக்திக் குறைவை ஈடுசெய்யவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி பல மாதங்களுக்குக் கிடைத்தாலே இழந்த வலிமையை மீளப் பெறமுடியும் என கீஸ் முடிவு செய்தார். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் நாளொன்றுக்கு 5,000 கிலோ கலோரிக்கும் அதிகமாக உண்டும் தமது பசி அடங்கவில்லை என்றனர்.

மற்றொரு முக்கிய விடயம் யாதெனில், மீளும்போது முதலில் கொழுப்பே விரைவாகச் சேர்ந்தது. தசை பின்னரே நிரம்பியது. மெலிந்த மாணவன் நன்றாக உண்ணத் தொடங்கும்போது முதலில் வயிற்றுப் பகுதி சற்றுப் பருப்பது இதனாலேயே. அதனைக் கண்டு அஞ்சி மீண்டும் உணவைக் குறைத்தால் மீட்பு பாதியில் நின்றுவிடும்.

இவ்வாய்வின் முழு விபரம் 1950இல் இரு பெரும் தொகுதிகளாக வெளியிடப்பட்டது.

4. ஓமோன்களை நேரடியாக அளந்த ஆய்வுகள்

மினசோட்டாப் பரிசோதனை நடைபெற்ற காலத்தில் குருதியிலுள்ள ஓமோன்களை நுணுக்கமாக அளக்கும் முறைகள் இருக்கவில்லை. பிற்காலத்தில் அக்குறை நீங்கியது.

(அ) 1990களில் அமெரிக்க இராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் ஈடுபட்ட இளைஞர்கள் ஆராயப்பட்டனர். ஏறத்தாழ 8 வாரங்கள் குறைந்த உணவு, குறைந்த நித்திரை, கடும் உழைப்பு ஆகியவற்றின் பின்னர் அவர்களின் தெஸ்தெஸ்தெரோன் மிகத் தாழ்ந்த மட்டத்திற்கு வீழ்ந்திருந்தது. தைரொயிட் ஓமோனும் வளர்ச்சிக் காரணியும் குறைந்திருந்தன. பயிற்சியின் கடுமை தொடர்ந்தபோதும், போதிய உணவு கொடுக்கப்பட்டவுடன் இவை விரைவாக உயர்ந்தன. எனவே வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் உணவுக் குறைவே என அறியப்பட்டது.

(ஆ) 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆண்கள் மூன்று நாட்கள் உண்ணாதிருந்தபோது அவர்களின் இலெப்டினும் தெஸ்தெஸ்தெரோனும் வீழ்ந்தன. அதே ஆண்களுக்கு உண்ணாதிருக்கும் காலத்தில் இலெப்டின் ஊசி மூலம் கொடுக்கப்பட்டபோது தெஸ்தெஸ்தெரோனின் வீழ்ச்சி தடுக்கப்பட்டது. மேலே படி 1 முதல் படி 4 வரை நாம் கற்றதற்கு இது சான்றாகும்.

(இ) 2011இல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வில், இளைஞர்கள் ஒரு வாரம் இரவில் 5 மணித்தியாலம் மட்டுமே உறங்கியபோது பகல் நேரத் தெஸ்தெஸ்தெரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. உணவுடன் நித்திரையும் அவசியம் என்பதை இது காட்டுகிறது.

5. விளையாட்டு வீரர்களும் சக்திப் பற்றாக்குறையும்

போதிய உணவின்றிப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுவிடுவதும் என்பு பலவீனமடைவதும் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆண்களுக்கும் இத்தகைய பாதிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் "விளையாட்டில் சார்புச் சக்திப் பற்றாக்குறை" என்னும் பெயரை அறிமுகப்படுத்தியது. 2023இல் இது பற்றிய அறிக்கை புதுப்பிக்கப்பட்டது.

பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது ஓர் எச்சரிக்கையாக அமைகிறது. ஆண்களுக்கு அவ்வாறு தெளிவான அடையாளம் இல்லை. ஆகவேதான் ஆண் பிள்ளைகளின் பாதிப்பு நீண்டகாலம் கவனிக்கப்படாமற் போகிறது. மரதன் ஓட்டம், நீண்ட தூர ஓட்டம், சைக்கிளோட்டம், நிறைப் பிரிவுகளைக் கொண்ட மல்யுத்தம், குத்துச்சண்டை ஆகியவற்றில் ஈடுபடுவோர் இதில் கூடிய கவனம் செலுத்த வேண்டும்.

6. போதாத உணவின் அறிகுறிகள்

பின்வருவனவற்றில் பல ஒன்றுசேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் கவனம் தேவை.
1. நித்திரை கொண்டாலும் நீங்காத களைப்பு.
2. நிறை குறைதல் அல்லது வளரும் வயதில் நிறை கூடாதிருத்தல்.
3. மற்றவர்களுக்குக் குளிராதபோதும் கை, கால் குளிர்தல்.
4. பயிற்சி செய்தும் திறன் பின்னடைதல். காயங்கள் ஆற நாட்செல்லுதல்.
5. அடிக்கடி தடிமன், காய்ச்சல்.
6. எரிச்சல், பாடத்தில் கவனம் சிதறுதல், நினைவாற்றல் குறைதல்.
7. என்புகளில் மெல்லிய வெடிப்புகள் ஏற்படுதல்.
8. குரல் மாற்றம், உயர வளர்ச்சி முதலிய பருவ மாற்றங்கள் தாமதமாதல்.

கவனிக்க: களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. குருதிச்சோகை, தைரொயிட் நோய், நீரிழிவு, புழுத்தொற்று, மன அழுத்தம் என்பனவும் இவ்வாறான அறிகுறிகளைக் காட்டலாம். அத்துடன் பருவ மாற்றங்கள் எல்லோருக்கும் ஒரே வயதில் ஏற்படுவதில்லை. எனவே தாமாக முடிவு செய்யாது வைத்தியரை நாடுதல் வேண்டும். பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 10 மாணவர்களுக்கும் உரியது. அந்நாளில் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டறியுங்கள்.

உடற்திணிவுச் சுட்டி = நிறை (கிலோ கிராம்) ÷ [உயரம் (மீற்றர்) × உயரம் (மீற்றர்)]
வளர்ந்தோரில் இது 18.5இலும் குறைவாயின் நிறை குறைவு எனப்படும். 18 வயதுக்குட்பட்டோருக்கு இவ்வெல்லையைப் பயன்படுத்தாது, வயதுக்கேற்ற உடற்திணிவுச் சுட்டி வரைபைப் பயன்படுத்த வேண்டும்.

7. ஒரு நாள் உணவைக் கணித்தல்

(பெறுமானங்கள் அனைத்தும் அண்ணளவானவை.)

மாணவன் ஒருவனின் ஒரு நாள் உணவு:
• காலை – சீனியிட்ட பிளேன்டீ, பிஸ்கட் 4: 160 கிலோ கலோரி
• பகல் – சோறு 250 கிராம், பருப்பு, மரக்கறி: 475
• மாலை – பிளேன்டீ, பணிஸ் 1: 260
• இரவு – தேங்காய் ரொட்டி 2, சம்பல்: 550
மொத்தம்: 1,445 கிலோ கலோரி

இவனுக்குத் தேவையானது ஏறத்தாழ 3,175. கிடைப்பது பாதியிலும் குறைவே. மினசோட்டாவில் பட்டினிக் கட்டத்தில் கொடுக்கப்பட்ட 1,570 கிலோ கலோரியிலும் இது குறைவு. ஆயினும் இவன் மூன்று வேளையும் உண்கிறான். தான் பட்டினி கிடப்பதாக அவனோ அவன் வீட்டாரோ எண்ணுவதில்லை. இவ்விடயத்தின் ஆபத்து இங்கேயே உள்ளது.

இவ்வுணவுடன் சேர்க்கக்கூடியவை:
• காலை – அவித்த கௌபி ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ: + 300
• பகல் – சோற்றை 400 கிராமாகக் கூட்டுதல், முட்டை 1: + 270
• மாலை – ஒரு பிடி நிலக்கடலை, வாழைப்பழம் 2: + 405
• இரவு – மேலும் ஒரு ரொட்டி, அரைக் கோப்பை பருப்பு: + 340
• உறங்கமுன் – பால் ஒரு கிளாஸ்: + 160
மேலதிகம்: 1,475 கிலோ கலோரி
புதிய மொத்தம்: 2,920 கிலோ கலோரி

ஒரே நாளில் அனைத்தையும் சேர்க்க வேண்டியதில்லை. முதல் வாரத்தில் காலை உணவு, இரண்டாம் வாரத்தில் மாலைச் சிற்றுண்டி எனப் படிப்படியாகக் கூட்டலாம்.

எமது பிரதேச உணவுகள்

சக்தி பெறுவதற்கு விலையுயர்ந்த உணவு தேவையில்லை.
• பலாக்காய், பலாக்கொட்டை, ஈரப்பலா, மரவள்ளி, வத்தாளை: காபோவைதரேற்று. இலங்கையில் பலாவை "சோற்று மரம்" என மக்கள் அழைப்பதும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆதர் வீ. டயஸ் நாடெங்கும் பலாமரம் நடும் இயக்கத்தை நடத்தியதும் இதன் பயனை உணர்ந்தே.
• குரக்கன்: காபோவைதரேற்றுடன் கல்சியமும் கிடைக்கும்.
• பருப்பு, பயறு, கௌபி, கடலை, சோயா: புரதம். சோற்றுடன் சேரும்போது புரதத்தின் தரம் உயரும்.
• நெத்தலிக் கருவாடு, முட்டை, மீன்: புரதம், கல்சியம், நாகம், விற்றமின்கள்.
• தேங்காய், எள், நிலக்கடலை: கொழுப்பு. சிறிய அளவில் அதிக சக்தி தரும். ஓமோன்கள் சிலவற்றை உருவாக்கக் கொழுப்புப் பொருள்கள் அவசியம்.
• முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி: கனியுப்புகளும் விற்றமின்களும். தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு அகத்துறிஞ்சப்படும்.

உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவது இரும்பின் அகத்துறிஞ்சலைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்து அருந்துதல் நன்று.

வீட்டில் உணவு போதாதபோது

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அதாவது ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. பல குடும்பங்கள் முதலில் முட்டை, மீன், பால் என்பவற்றையும் பின்னர் ஒரு வேளை உணவையும் குறைத்தன. தம்பி, தங்கைக்கு விட்டுக்கொடுத்துத் தான் குறைவாக உண்ட அண்ணன்மார் பலர். அது உயர்ந்த குணமே. ஆயினும் உங்கள் உடலும் வளரும் உடல் என்பதை வீட்டாருக்கு எடுத்துக்கூறுங்கள். உணவின்றிப் பாடசாலைக்கு வரும் நிலை ஏற்படின் வகுப்பாசிரியரிடம் தனிப்பட்ட முறையில் சொல்லுங்கள். பசியைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

8. தவிர்க்க வேண்டியவை

• உடலைக் கட்டமைக்க எனக் கூறி விற்கப்படும் ஸ்டீரொயிட் ஊசிகளும் மாத்திரைகளும். வெளியிலிருந்து தெஸ்தெஸ்தெரோன் வரும்போது கபச்சுரப்பி தனது தூண்டலை நிறுத்துகிறது. விதைகள் சுருங்கலாம், விந்து உற்பத்தி குறையலாம். வளரும் வயதில் என்பு முனைகள் முன்னதாக மூடி உயர வளர்ச்சி நிற்கலாம். இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டில் ஊக்கமருந்துப் பயன்பாட்டைத் தடைசெய்கிறது. இது பாடசாலை வீரர்களுக்கும் பொருந்தும்.
• சோற்றை விட்டுவிட்டுப் புரத மாவை மட்டும் அருந்துதல். மொத்தச் சக்தி போதாவிடின் உடல் புரதத்தையும் எரிபொருளாகவே பயன்படுத்தும்.
• இனிப்புப் பானம், பொரித்த பண்டம் என்பவற்றால் மட்டும் சக்தியை நிரப்புதல். மிகையான உடற்பருமனும் தெஸ்தெஸ்தெரோனைக் குறைக்கும்.
• நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரெனப் பெருமளவு உணவு கொடுத்தல். குருதியிலுள்ள பொசுபேற்று முதலிய கனியுப்புகள் சடுதியாகக் குறைந்து உயிராபத்து ஏற்படலாம். இத்தகையோருக்கு வைத்தியசாலையிலேயே உணவூட்டத் தொடங்க வேண்டும்.

9. சுருக்கம்

1. 15–16 வயது ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,175 கிலோ கலோரி தேவை.
2. உணவு குறைந்தால் இலெப்டின் → பரிவகக்கீழ் → கபச்சுரப்பி → விதை என்ற வழியில் தெஸ்தெஸ்தெரோன் குறையும்.
3. களைப்பு, குளிர், எரிச்சல், திறன் பின்னடைவு என்பன அறிகுறிகளாகலாம்.
4. மீட்புக்கு முதல் மருந்து போதிய மொத்தச் சக்தியே, மாத்திரை அன்று.
5. உணவு, நித்திரை, அளவான பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓமோன் சமநிலையைப் பேணும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. 20 கிராம் கொழுப்பிலிருந்து கிடைக்கும் சக்தி ஏறத்தாழ,
(1) 80 கிலோ கலோரி (2) 120 கிலோ கலோரி (3) 180 கிலோ கலோரி (4) 200 கிலோ கலோரி

2. உடலின் சக்திச் சேமிப்பை மூளைக்கு அறிவிக்கும் ஓமோன்,
(1) இன்சுலின் (2) இலெப்டின் (3) கோட்டிசோல் (4) அதிரினலின்

3. மினசோட்டாப் பரிசோதனையில் மீட்புக்கு மிக அவசியமானதாகக் காணப்பட்டது,
(1) விற்றமின் மாத்திரை (2) மேலதிகப் புரதம் மட்டும் (3) போதிய மொத்தச் சக்தி (4) கடும் உடற்பயிற்சி

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை வினா

மாவட்ட மட்ட மரதன் ஓட்டத்திற்குத் தயாராகும் 16 வயது மாணவன் ஒருவன் காலையில் உண்ணாது நாள்தோறும் 10 கிலோ மீற்றர் ஓடுகிறான். இரண்டு மாதங்களில் அவனது நிறை 4 கிலோ கிராம் குறைந்துள்ளது. ஓட்ட நேரம் முன்னரிலும் கூடியுள்ளது. எந்நேரமும் களைப்பாக இருப்பதாகக் கூறுகிறான். "இன்னும் கூடுதலாக ஓடு" என நண்பர்கள் ஆலோசனை கூறுகின்றனர்.

(அ) இவனிடம் காணப்படும் அறிகுறிகள் மூன்று தருக.
(ஆ) இவனில் குறைவடையக்கூடிய ஓமோன்கள் இரண்டைக் குறிப்பிடுக.
(இ) நண்பர்களின் ஆலோசனை பொருத்தமானதா? காரணம் தருக.
(ஈ) உமது பிரதேசத்தில் கிடைக்கும் உணவுகளைக் கொண்டு இவனுக்கு ஏற்ற காலை உணவொன்றைத் திட்டமிடுக.

விடைக் குறிப்புகள்

பகுதி 1: 1 – (3), 2 – (2), 3 – (3)

பகுதி 2:
(அ) நிறை குறைதல், தொடர்ச்சியான களைப்பு, ஓட்டத் திறன் பின்னடைதல்.
(ஆ) தெஸ்தெஸ்தெரோன், தைரொயிட் ஓமோன். (இலெப்டின் எனவும் எழுதலாம்.)
(இ) பொருத்தமற்றது. பயிற்சியைக் கூட்டினால் சக்திச் செலவு மேலும் கூடும், பற்றாக்குறை அதிகரிக்கும். பயிற்சியைச் சில காலம் குறைத்து, உணவைக் கூட்டி, வைத்திய ஆலோசனை பெறுதலே தகுந்தது.
(ஈ) உதாரணம்: அவித்த பலாக்காய் அல்லது குரக்கன் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், நெத்தலி அல்லது முட்டை, வாழைப்பழம். காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு மூன்றும் இடம்பெற்றிருந்தால் முழுப் புள்ளி வழங்கப்படும்.

செயற்பாடு: நாளை ஒரு நாள் நீங்கள் உண்ணும் அனைத்தையும் கொப்பியில் குறித்து, மேலே காட்டியவாறு கணித்துப் பாருங்கள். கிடைக்கும் மொத்தத்தை 3,175 உடன் ஒப்பிடுங்கள். குறைவாயின், உங்கள் வீட்டில் உள்ளவற்றிலிருந்து எதனைச் சேர்க்கலாம் என்பதை அம்மாவுடன் கலந்துரையாடி எழுதுங்கள்.